ரெனிட்டாவின் இடக்கை

"கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்கம்மா, சேறு தெறிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ஹோசியா பெட்டிஃபோர்ட் ஓடெஸ்ஸா அம்மையாரின் முழங்காலைத் துடைக்கிறார். அம்மையார் ஒதுங்குவதில்லை. அவர் காலமாகி முப்பது வருடம் ஆகிறது. சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், அறுபத்தோராம் தெருவின் ரயில் பாலத்தைத் தாங்கும் சிமெண்டுச் சுவரில், சர்ச் நர்ஸுகளுக்கே உரிய வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக அவர் ஹோசியா தீட்டிய ஓவியமாக நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஐஸ் வண்டிக்காரர். அவரையடுத்து, ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்தே தலை நரைத்த விட்லோ. இப்படி வரிசையாக நாற்பத்தோரு பேர், எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள். முக்கால்வாசிப் பேர் இப்போது சுவரில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

ஒரு வாளி, இரண்டு பஞ்சு, முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ளப் பழைய காரிலிருந்து பிடுங்கிய மெத்தை. எழுபத்தொன்பது வயதுக்கு இதுவே பாரம். மழைக்கும் வெயிலுக்கும் லீவு கிடையாது. பனி கொட்டும் மாதங்களில் சாலையில் தூவும் உப்பு வண்டிச் சக்கரங்களில் ஏறி வந்து இவர்களுடைய கால்களை அரித்துவிடுமாம். தன் கைக்கு எட்டும் உயரம் வரைதான் துடைப்பார். "மேல இருக்கிறதை மழை பாத்துக்கும். அதுக்கும் ஒரு வேலை வேணாமா" என்பார்.

துடைக்கும்போது நாற்பது பேரோடும் ஏதாவது பேசுகிறார். விட்லோவிடம் ரயில் தாமதத்தைப் பற்றிக் குறை சொல்வார். ஐஸ்காரரிடம் அவர் மருமகள் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்ட சேதியைச் சொல்வார். சுவரின் கிழக்குக் கோடிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். அங்கே பத்து வயதுப் பெண்ணொருத்தி, பள்ளிக்கூடத்தில் சாலை கடக்க உதவும் பிள்ளைகள் அணிகிற ஆரஞ்சுப் பட்டையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, உள்ளங்கை வெளியே தெரிய வலது கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்துகிறாள். அவளுக்குப் பஞ்சு ஆகாது. சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்துத் துடைப்பார். அவள் அவருடைய மகள், ரெனிட்டா.

இதையெல்லாம் எதிர்ச் சாரியிலிருந்து தினமும் பார்ப்பவள் வெர்டெல் கேஸ்கின்ஸ். பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அம்மா நடத்திய கடை, இப்போது இவளுடையது. வாடிக்கையாளர் தலையில் முடியை நேராக்கும் சூடான சீப்பை வைத்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுவரின் கிழக்குக் கோடி அப்படியே தெரியும். ரெனிட்டாவுக்குப் பின்னால் ஸ்கிப்பிங் கயிறு சுற்றிக்கொண்டு நிற்கிற குண்டுச் சிறுமி வெர்டெல்தான். "ஒன்பது வயசுல என்னை அங்க நிக்க வெச்சாரு. அன்னிக்குச் சுத்த ஆரம்பிச்ச கயிறு, இன்னும் கீழ போடச் சொல்லலை" என்று வருகிறவர்களிடம் அலுத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் குண்டுச் சிறுமியின் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தால் முதல் ஆளாக ஓடிப்போய் அவரிடம் சொல்பவளும் அவள்தான்.

ஹோசியா மிசிசிப்பியின் பருத்திக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஏழு வயதில், மடியில் வைத்த பொரித்த கோழியோடு, ரயிலில் வந்தவர். பதினாறு வயதில் கறிக்கடைக் கண்ணாடியில் 'பன்றி விலா இன்று மலிவு' என்று எழுதியதுதான் அவருடைய முதல் சித்திர வேலை. எழுத்து அழகாக இருந்ததால் விலா சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் பாராட்டினாராம். அப்புறம் சர்ச்சுப் பலகைகள், சவ அடக்க நிலையத்தின் பெயர்ப் பலகை, இந்தப் பார்லரின் கண்ணாடியில் இருக்கும் தொலைபேசி எண். மாலை வகுப்பில் அச்சுச் சித்திரம் கற்றார். இருபத்தெட்டாம் வயதில் முதல் சுவர். அதற்குப் பிறகு டெட்ராய்ட், கிளீவ்லாண்ட், மில்வாக்கி என்று ஒன்பது ஊர்களில் சுவர்கள். ஊர் ஊராகப் போய்ச் சாரத்தில் ஏறி நின்று அங்கங்கே உள்ள ஜனங்களை வரைந்தார். ஒன்பது ஊரிலும் அவருக்குச் சுவர் இருந்தது. எந்த ஊரிலும் அவருக்கென்று ஒரு சாப்பாட்டுத் தட்டு இல்லை. அதில் ஐந்து சுவர்களை இடித்தாகிவிட்டது.

சுவர் வேலை இல்லாத மாதங்களில் அச்சு. லினோலியம் பலகையில் உளியால் செதுக்கி, மை தடவி, தாளைப் போர்த்தி, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பார். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அவருடைய அடுப்படியில் குழம்பு கிண்டும் கரண்டியைவிட அச்சுத் தேய்க்கும் கரண்டிகள் அதிகம். ஒரு நாள் வெர்டெல் கீரை கொண்டுபோனபோது பரிமாற ஒரு கரண்டி கேட்டாள். மூன்று கரண்டிகளை மோந்து பார்த்துவிட்டு நான்காவதை நீட்டினார்.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. பலகையில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறி விழும். ஆகவே பலகையில் எல்லாவற்றையும் மாற்றியே செதுக்க வேண்டும். அறுபது வருடமாக மாற்றி மாற்றியே பார்த்து ஹோசியாவுக்கு உலகமே அப்படி ஆகிவிட்டது. ஆம்புலன்ஸின் நெற்றியில் இடவலம் மாற்றி எழுதியிருப்பதைத் தடுமாறாமல் படித்துவிடுவார். நேராக எழுதிய கடைப் பெயரைப் பார்த்தால் ஒரு கணம் விழிப்பார். "மிஸ்டர் ஹோசியாகிட்ட வழி கேட்டா நேரா ஏரியிலதான் போய் விழணும்" என்பது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கிண்டல். அவர் இடம் என்று சொன்னால் சனங்கள் வலப்பக்கம் திரும்புகிறார்கள். யாரும் தொலைந்துபோனதில்லை.

ஒரே ஒரு தடவை அந்தக் கிண்டல் கிண்டலாக இல்லாமல் போனது.

ரெனிட்டா இடதுகைக்காரி. பத்து வயதில் அவளுக்கு அந்த ஆரஞ்சுப் பட்டை கிடைத்தபோது, வண்டியை நிறுத்த வலது கையைத்தான் தூக்க வேண்டும் என்றார் அவளுடைய டீச்சர். "எனக்கு நொட்டாங்கைதான் சட்டுனு எழும்பும், கார் வேகமா வந்தா நான் யோசிச்சுக்கிட்டா நிப்பேன்" என்று பெண் அழுதாள். அவள் அம்மா லவோனியா மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து, தலைமையாசிரியர் வரைக்கும் போய்ப் பேசி, இடது கைக்கு அனுமதி வாங்கி வந்தாள். அந்த மூன்று நாளும் ஹோசியா கிளீவ்லாண்டில் சாரத்தின் மேல் இருந்தார். திரும்பி வந்த பிறகு மகள் இடது கையைத் தூக்கி நிற்பதைப் பார்த்து அழகாக இருக்கிறதென்று வரைந்துகொண்டார். அந்தக் கைக்குப் பின்னால் இருந்த சண்டையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வரைந்ததைப் பலகையில் மாற்றிச் செதுக்கினார். பதினோரு தாள்கள் எடுத்துக் கொடியில் காயப் போட்டார். தாளில் எல்லாம் சரியாக, இடது கையாகவே விழுந்திருந்தது. அது ஆகஸ்ட் கடைசி. காற்றில் அவ்வளவு ஈரம், மை காயவே இல்லை. செப்டம்பர் முதல் ஞாயிறு இந்தச் சுவரின் திறப்பு விழா. சர்ச்சின் பாட்டுக் குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது, விலா எலும்பு சுட அடுப்புகூட வந்து இறங்கிவிட்டது. மற்ற நாற்பது பேரையும் காய்ந்த தாளில் கட்டம் போட்டுத்தான் சுவருக்குப் பெரிதாக்கினார். மகளுக்கு மட்டும் தாள் காயக் காத்திருக்க நேரமில்லாமல், பலகையையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், அதைப் பார்த்தே தீட்டிவிட்டார். பலகையில் இருப்பது மாறிய உருவம் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. அந்தப் பக்கம்தான் அவருக்கு நேர்ப் பக்கம்.

திறப்பு நாளில் வெர்டெல் ரெனிட்டாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். துணியை விலக்கியதும் தெருவே கைதட்டியது. ரெனிட்டா கைதட்டவில்லை. சுவரைப் பார்த்தாள். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் அதை மெதுவாகக் கீழே இறக்கி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அது யாருப்பா?" என்று கேட்டாள்.

"யாரா? நீதான்டா கண்ணு."

"அது என் கை இல்லை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹோசியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு பேர் முன்னால் தெரிந்த தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. "கையையா பாப்பாங்க, மூஞ்சியைத்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. தெருவில் உள்ள ஒவ்வொருவருடைய பல் இடுக்கையும் சரியாகப் பிடித்த மனிதர், சொந்தப் பெண்ணின் கையைக் கோட்டை விட்டார்.

வீட்டுக்குக் கூட்டிப்போய், காய்ந்திருந்த தாளைக் காட்டி, "பாரு, இதுல சரியாத்தானே இருக்கு" என்றாராம். "அது யார் வீட்டுலயோ தொங்கும். என் ஸ்கூல்ல எல்லாரும் பாக்கிறது சுவரைத்தான்" என்று அவள் சொன்னாளாம். வசந்தத்தில் சரி செய்கிறேன் என்றார். வசந்தத்தில் மில்வாக்கிக்குப் போனார். அதற்கடுத்த வசந்தத்தில் செயின்ட் லூயிஸ். ரெனிட்டாவுக்குப் பதின்மூன்று வயதானபோது லவோனியா மகளைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஊர் திரும்பியபோது வீட்டில் கரண்டிகள் மட்டும் இருந்தன.

பன்னிரண்டு தாள் என்று கணக்கு வைத்து ஆரம்பித்தால், பன்னிரண்டாவதை எடுத்ததும் பலகையின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு கோடு இழுத்துவிடுவது அச்சுக்காரர்களின் வழக்கம். இனி இதில் யாரும் அச்சு எடுக்க முடியாது என்பதற்கு அந்தக் கோடுதான் சத்தியம். ஹோசியாவின் வீட்டில் கோடு விழுந்த பலகைகள் சுவரோடு சாய்ந்து விறகு போல் அடுக்கியிருக்கின்றன. கோடு விழாதது ரெனிட்டாவுடையது ஒன்றுதான். "பன்னிரண்டாவதை அவ வந்து தன் கையாலயே தேச்சு எடுப்பா" என்று ஒரு கிறிஸ்துமஸுக்கு, வெர்டெல் கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டே சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கேட்க வெர்டெலுக்கு மனம் வரவில்லை.

இருபது வருடம் மகளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அப்புறம் ஒரு செப்டம்பர் முதல் ஞாயிறு, பார்லரில் தொலைபேசி ஒலித்தது. கடை மூடிய நாள். வெர்டெல் ஏதோ எடுக்க வந்தவள் எடுத்துப் பேசினாள். கண்ணாடியில் அப்பா எழுதிய எண்ணை ரெனிட்டா மறக்கவில்லை. ஹோசியாவுக்குத் தொலைபேசி கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. வெர்டெல் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அவரை இழுத்து வந்தாள். கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை அவள் இன்னும் மறக்கவில்லை. பரீட்சை எழுதப் போகிற பையன் மாதிரி நின்றார்.

"இன்னும் இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

"என்ன கேட்டா?"

"கையைச் சரி பண்ணியாச்சான்னு கேட்டா."

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை, அதே ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு அழைப்பு வரும். ரெனிட்டா ஓக்லண்டில் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். முதலில் வெர்டெலிடம் "நல்லா இருக்கியா, அவர் இருக்காரா" என்று இரண்டு வார்த்தை. அப்பாவிடம் ஒரே கேள்வி. அவருடைய பதிலும் ஒன்றே. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வருடம் மட்டும் நான்கு நிமிஷம் ஓடியது. அவருக்கு அன்று இருமல், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவள் கேட்டிருக்கிறாள். அந்த நான்கு நிமிஷத்தை அவர் அடுத்த வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த செப்டம்பரில், இல்லாத இருமலை இருமியும் பார்த்தார்.

அந்த ஞாயிறன்று காலை ஆராதனை முடிந்ததும், கழுத்தில் கட்டிய டையைக்கூடக் கழற்றாமல், ஹோசியா வெர்டெலின் கடை வாசலில் வந்து நிற்பார். மூன்று மணிக்கு வரும் அழைப்புக்குப் பன்னிரண்டரைக்கே வந்துவிடுவார். வெர்டெல் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. இந்த ஒரு ஞாயிறு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் திறந்து வைப்பாள். "தரையைக் கழுவணும்" என்பாள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஞாயிறு அவள் கடைத் தரை பளபளக்கிறது. அவர் முடி உலர்த்தும் நாற்காலியில், தலைக்கு மேல் அந்தக் குடுவை கவிழ்ந்திருக்க, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெர்டெலுக்கு ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. சுவரில் ரெனிட்டா தூக்கி நிற்கிற அந்த வலது உள்ளங்கையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பட்டென்று தட்டிவிட்டுத்தான் சாலையைக் கடக்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பரீட்சை நாளில் இரண்டு தரம் தட்டுவார்கள். வருடம் முழுக்க இத்தனை கை பட்டால் எந்தச் சாயம் நிற்கும்? ஆகஸ்டில் அந்த உள்ளங்கை வெறும் சிமெண்டாகிவிடும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஹோசியா அதற்கு மறுபடி சாயம் பூசுகிறார். அதாவது ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் கையில் தூரிகை இருக்கிறது, முன்னால் அந்தக் கை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கேட்டே விட்டாள்.

"தூரிகையும் கையுமா அங்கதானே நிக்கிறீங்க. இந்தப் பக்கத்தை அழிச்சிட்டு அந்தப் பக்கம் வரைஞ்சா என்ன, ரெண்டு நாள் வேலை. அந்தப் பொண்ணு இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கா."

அவர் கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பி நடந்தாள்.

"சரி பண்ணிட்டேன்னு வெச்சுக்கோ அம்மாடி" என்றார் முதுகுக்குப் பின்னால். "அடுத்த வருஷம் அவ எதைக் கேட்டு ஃபோன் பண்ணுவா?"

அன்று மாலை வெர்டெல் ஒரு வாடிக்கையாளரின் முடியைக் கருக்கிவிட்டாள்.

இந்த ஜூனில் ரயில்காரர்கள் வந்தார்கள். பாலத்திலிருந்து தண்ணீர் கசிந்து சுவரின் கிழக்குக் கோடி உப்பிப்போயிருந்தது. கொத்திவிட்டுப் புதுச் சிமெண்டு பூசியே ஆக வேண்டும் என்றார்கள். நியாயமான வேலைதான், முன்கூட்டியே கடிதமும் போட்டிருந்தார்கள். மூன்றே நாளில் ரெனிட்டா தலை முதல் கால் வரை தூளாகிக் கீழே விழுந்தாள். கயிறு சுற்றும் வெர்டெலுக்கு ஒரு முழங்கை போயிற்று. புதுச் சிமெண்டு ஒரு மாதம் ஆறட்டும், அப்புறம் நீங்கள் வரையலாம் என்று சொல்லி, சாரத்தையும் மூடுதிரையையும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த மாதம் முழுக்க ஹோசியா நாற்பது பேரைத் துடைத்துவிட்டு, கிழக்குக் கோடியில் வெறும் சாம்பல் நிறத்துக்கு முன்னால் வந்ததும், பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து துணியை எடுப்பார். எடுத்துவிட்டு மறுபடி மடித்து வைப்பார்.

இந்தத் தடவை மழுப்ப வழியில்லை. வெறும் சுவர். ஏதோ ஒரு கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தெருவுக்கு அதில் இரண்டாவது பேச்சே இல்லை. பார்லரில் தலை நனைத்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். தபால்காரர் துலானி பிக்கெட், பை கனக்க வாசலிலேயே நின்று முறையிட்டார்.

"மிஸ்டர் ஹோசியா, அந்தச் சோத்தாங்கையைத் தட்டித்தான் நான் பின்னக் கணக்கையே பாஸ் பண்ணினேன். என் ரெண்டு பொண்ணுங்களும் அதைத் தட்டித்தான் பாஸ் பண்ணாங்க. இருந்தது இருந்தபடி வரைஞ்சிடுங்க."

"உனக்குப் பின்னம் வருமா?" என்று கேட்டார் ஹோசியா.

"ஏதோ வரும்."

"அப்ப கை வேலை செய்யலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் நடுவில் வெர்டெல் அவருக்குச் சோள ரொட்டி கொண்டுபோனாள். அடுப்படிக் கொடியில் ஒரே ஒரு தாள், இரண்டு கவ்விகளில் தொங்கியது. பட்டை கட்டிய சிறுமி, இடது கையைத் தூக்கி. மை பளபளவென்று ஈரமாக இருந்தது. மேசையில் பலகை. பக்கத்தில் கரண்டி.

வெர்டெல் தட்டைக் கீழே வைத்தாள். "இது பன்னிரண்டாவது."

"ஆமா."

"அது அவளுக்குன்னு வெச்சிருந்தது."

"அவளுக்குத்தான்" என்றார். "மை காயட்டும். ஒன்பது நாள் ஆகும். அன்னிக்கு அவ்வளவுதான் பொறுக்க வேண்டியிருந்தது, பொறுக்கலை."

அவள் தாளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். இந்தத் தாளை வைத்துச் சுவரில் கட்டம் போட்டால் கை எந்தப் பக்கம் எழும்பும் என்பது அவளுக்கும் தெரியும். வருகிற செப்டம்பர் ஞாயிறு வரும் அழைப்புத்தான் கடைசி என்று தோன்றியது. ரொட்டி ஆறிவிடும், சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்பது நாள் காத்திருந்தார். பிறகு மூடுதிரைக்குப் பின்னால் புகுந்தவரைப் பகலில் யாரும் பார்க்கவில்லை. சாரத்தின் கீழ்ப் பலகையில் அவருடைய செருப்பு மட்டும் தெரியும். "இந்த வாட்டி காலைத் திருப்பி வெச்சிராதீங்க" என்று போகிற வருகிறவர்கள் கத்திவிட்டுப் போனார்கள். திரையைச் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் திறக்கும் காலையில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு வந்தது. வெர்டெல் தரையைக் கழுவக் கடையைத் திறந்தாள். பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று, அவர் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. இரண்டரைக்கு அவளே சாலையைக் கடந்து போய்த் திரையை விலக்கினாள்.

ஆராதனைக்குப் போட்ட உடுப்போடு, டையைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். சுவரில் ரெனிட்டா நின்றாள். பட்டை சரியான தோளிலிருந்து இறங்கியது. இடது கை மேலே எழும்பியிருந்தது, யாரையும் கேட்காமல் சட்டென்று எழும்பிய மாதிரி. திறப்பு நாளில் பக்கத்தில் நின்ற அதே பத்து வயதுப் பெண். வெர்டெலுக்குக் கண் நிறைந்தது. கயிறு சுற்றும் குண்டுச் சிறுமிக்குக்கூட முழங்கை திரும்பக் கிடைத்திருந்தது.

பையிலிருந்து செல்போனை எடுத்து உயர்த்தினாள். ரெனிட்டாவின் எண் அவளிடம் இருக்கிறது. ஒரு விரல் தொட்டால் ஓக்லண்டில் போய் நிற்கும்.

"படம் வேணாம் அம்மாடி" என்றார்.

தானே தன் வாயால் மகளிடம் சொல்ல ஆசைப்படுகிறார் என்று நினைத்தாள். அதுவும் சரிதான். நாற்பத்து நான்கு வருடத்துப் பதில், அதைச் சொல்லும் சந்தோஷமாவது அவருக்கு மிஞ்சட்டும். செல்போனை உள்ளே போட்டாள். "மணி மூணாகப் போகுது, வாங்க" என்று அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திக் கூட்டி வந்தாள். தன் விரல்களில் ஏதோ பிசுபிசுத்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை.

மூன்று மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"நல்லா இருக்கேன் ரெனிட்டா. இருக்காரு, இங்கதான் இருக்காரு. கொடுக்கிறேன்" என்று நீட்டினாள்.

அவர் கருவியை இடது கையால் வாங்கிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே நின்றார். சாலைக்கு அந்தப் பக்கம் காற்றில் மூடுதிரை ஒரு தரம் தூக்கி விழுந்தது. மெல்லிய குரல் எதிர்முனையில் கேட்பது வெர்டெலுக்கும் கேட்டது. அதே கேள்விதான்.

வெர்டெல் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னும் இல்லம்மா" என்றார் ஹோசியா.

வெர்டெல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய வலது உள்ளங்கை முழுக்க, விரல் நுனி வரை, ஈரமான பழுப்புச் சாயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால், காயும் வரை பொறுக்காமல், யாரோ ஒருவர் அந்தப் புதுக் கையைத் தட்டியிருக்கிறார்.

"சரிம்மா" என்றார் அவர். "அடுத்த வருஷம் கேளு." வெர்டெல் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கி, ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டார்.